சிக்னல்காரன் சொன்ன பாதை

— ரெண்டு ஷூவையும் கட்டியாச்சா அண்ணே?

— ஒண்ணு கட்டியாச்சு.

— இன்னொண்ணு?

— அது போற வழியில பார்த்துக்கலாம்.

— நேத்தும் இதையேதான் சொன்னீங்க. தெருமுனை வரைக்கும் டப்பு டப்புன்னு போன்ல கேட்டுக்கிட்டே இருந்தது. உக்காந்து கட்டுங்க.

— யோவ் வாத்தி, டவர் கிரேன் ஓட்டறவன்யா நான். மூணு டன் கம்பியை முட்டை மாதிரி இறக்கி வைப்பேன். எனக்கே ஷூ கட்டச் சொல்லித் தர்றியா?

— கீழ நின்னு வாக்கிடாக்கியில நான் சிக்னல் குடுத்ததாலதான் முட்டை உடையலை. கட்டுங்க.

— கட்டியாச்சு, கட்டியாச்சு. உயிரை எடுக்காத.

— ரைட்டு. கதவு?

— திறந்துட்டேன். கை நடுங்குது.

— நடுங்கட்டும். நடக்கப் போறது கால்தான? போலாம், போலாம். படியில மெதுவா... இறங்கு... இறங்கு...

— வாத்தி, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு.

— ஸ்டாப். அங்கேயே நில்லுங்க. மூச்சை இழுக்காதீங்க, முதல்ல வெளிய விடுங்க. இன்னும் விடுங்க. பக்கத்துல சுவர் இருக்கா?

— இருக்கு.

— அதுல கையை வைங்க. ஜில்லுன்னு இருக்கா, சூடா இருக்கா?

— ஜில்லுன்னு இருக்கு.

— அதையே பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க.

— இருபத்தஞ்சு நாளா நடக்கறேன்யா. இந்த ஆறு படி மட்டும் இன்னும் அறுநூறு படியாத்தான் இருக்கு.

— முதல் நாள் கதவுக்கு உள்ளேயே நின்னு அழுதீங்க. ரெண்டாம் நாள் வாசல் கேட்டு வரைக்கும். மருந்துக்கடை வரைக்கும் போக ஒரு வாரம் ஆச்சு. இப்போ ஏரியைச் சுத்திட்டு வர்றீங்க. உங்க கணக்கை நீங்களே குறைச்சுச் சொன்னா எப்படி?

— ம். இறங்கிட்டேன். கேட்டுக்கு வெளிய இருக்கேன்.

— ரைட்டு. இடது பக்கம். போலாம், போலாம். கையை நல்லா வீசுங்க. கையைக் கட்டிக்கிட்டு நடந்தா அது ஜாமீன்ல வந்தவன் நடை.

— டாக்டர் என்னமோ ஈசியாச் சொல்லிட்டாரு. மாத்திரையைப் போடு, தினமும் அரை மணி நேரம் வேகமா நட. கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியறவனுக்குத்தானே அதெல்லாம்? உன் அண்ணி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தா.

— அண்ணி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

— அவ சொன்னா அது பேச்சு. நீ சொன்னா சிக்னல். பதினாறு வருஷம் உன் குரலுக்கே கையை அசைச்சுப் பழகிட்டேன்யா. நீ போன் பண்ணி இடது வலதுன்னு நகர்த்தலைன்னா, இன்னும் அந்த ஃபேனையே பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.

— ஃபேன் ஓடுச்சா?

— எங்க ஓடுச்சு. கரண்டு பில்லு வேறன்னு அவ நிறுத்திட்டா.

— சிரிக்கிறீங்க. நல்லது. வேகத்தைக் கூட்டுங்க. நாளைக்கு எட்டு மணி, ஞாபகம் இருக்குல்ல?

— அதை நினைச்சுத்தானே நாலு மணிக்கே முழிச்சுட்டேன். கிரேன் மேல ஏற இருநூத்து நாப்பது படி கம்பி ஏணி. சேஃப்டி ஆபீசர் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிப்பாரு. ஏறணும், ஒரு லோடு தூக்கிக் காட்டணும். முடியலைன்னா கேபினுக்குப் புது ஆளு. ஃபோர்மேன் கண்டிஷனாச் சொல்லிட்டாரு.

— ஏறிடுவீங்க.

— நீ சொல்ற. என் முழங்கால் அப்படிச் சொல்லலையே.

— முழங்கால் என்னைக்கு உண்மை பேசியிருக்கு? மருந்துக்கடை வந்துடுச்சா?

— இதோ, தாண்டறேன். கடைக்காரர் கையைத் தூக்கறாரு.

— நீங்களும் தூக்குங்க. ரைட்டு. அங்கேருந்து நேரா ஏரிக்கரை. போலாம்.

— ம். போறேன்.

— மூச்சு எப்படி?

— வாங்குது. ஆனா இது வேற மாதிரி வாங்குது. உக்காந்திருக்கும்போது வாங்கினா சாகப் போறேன்னு தோணும். நடக்கும்போது வாங்கினா நடக்கறேன், அதான் வாங்குதுன்னு புரியுது. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் தலைக்குள்ள அந்த இரைச்சல் இல்ல வாத்தி. திரும்பி வந்து குளிச்சதும் ஒரு மணி நேரம் தூக்கம் கூட வருது.

— அப்புறம்?

— அப்புறம் மறுபடியும் அந்த சத்தம். அந்த ஹெல்பர் பையனோட அலறல்.

— அண்ணே, அதை விடுங்க. கையை வீசுங்க.

— எத்தனை நாளைக்கு விடறது? நாளைக்கு ஏறி உக்காந்தா எனக்கு முன்னாடி அதே கிரேன் லிவர்தான் இருக்கும். பில்டிங்குக்குப் பின்பக்கம் லோடு. எனக்கு எதுவும் தெரியாது. உன் குரல்தான் என் கண்ணு. நீ இறக்கு, இறக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா இறக்கணும். நிறுத்திட்டா அந்த நொடியே நிறுத்தணும். பதினாறு வருஷமா அதான் சட்டம். அன்னைக்கு உன் குரல் நின்னுச்சு. என் கை நிக்கலை. ரெண்டு நொடி. குழாய்க் கட்டு அந்தப் பையன் பாதத்து மேல.

— வாக்கிடாக்கி பேட்டரி போயிடுச்சு அண்ணே. விசாரணையிலயும் அதைத்தானே சொன்னேன்.

— பேட்டரி போனா என்ன, வாய் போனா என்ன? குரல் நின்னா கை நிக்கணும்.

— நாப்பது நாளா நீங்களே உங்க தலையில அந்தக் குழாய்க் கட்டை இறக்கிக்கிட்டு இருக்கீங்க. போதும். எங்க இருக்கீங்க இப்போ?

— நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ எங்க இருக்க?

— சைட்லதான். ஹூக்குக்குக் கீழ.

— சத்தமே இல்லையே. காங்கிரீட் மிக்ஸர் ஓடலையா?

— ரிப்பேரு.

— நேத்தும் ரிப்பேரு.

— ஸ்பேர் வரலை அண்ணே. கேள்வியைக் குறைச்சு நடையைக் கூட்டுங்க. ஏரிக்கரை வந்தாச்சா?

— ம்.

— தண்ணி எப்படி இருக்கு?

— ஈரமா இருக்கு.

— என்ன அண்ணே, மூச்சு இப்படி அடிக்குது? ஓடறீங்களா?

— ஆமா.

— நான் ஓடச் சொல்லவே இல்லையே.

— சொல்லலை. எனக்குத் தோணுச்சு. நாப்பது நாள்ல முதல் தடவையா எனக்கா ஒண்ணு தோணுது, அதைத் தடுக்காத.

— சிக்னல் இல்லாம கையே அசைக்காத ஆளு நீங்க. ஸ்டாப். அண்ணே, ஸ்டாப்.

— மாட்டேன்.

— கால் பிசகிடும். நாளைக்கு ஏணி இருக்கு.

— தெரியும். நீ பேசு. பேட்டரி எப்படிப் போச்சுன்னு சொல்லு.

— இப்போ எதுக்கு அது?

— அன்னைக்குச் சாயங்காலம் அந்த வாக்கிடாக்கியை எடுத்து நான் அமுக்கிப் பார்த்தேன். பச்சை லைட்டு எரிஞ்சுது. யாருக்கும் சொல்லலை. என்னாச்சு வாத்தி?

— முதல்ல நில்லுங்க அண்ணே, அப்புறம் பேசலாம்.

— பேசு. நான் ஓடிக்கிட்டே கேக்கறேன்.

— வாய் வரலை அண்ணே. அவன் லோடுக்கு அடியில காலை நீட்டறான். நான் பாக்கறேன். ஸ்டாப்னு ஒரே வார்த்தை. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. காதுக்குள்ள என்னமோ ஊதற மாதிரி. நான் பார்த்துக்கிட்டே நிக்கறேன், நீங்க இறக்கிக்கிட்டே இருக்கீங்க.

— ம்.

— திட்டுங்க. உங்களைக் கட்டில்ல போட்டவன் நான்தான்.

— திட்டறதுக்கு மூச்சு இல்லய்யா. அப்புறமாத் திட்டறேன். அந்தப் பையனைப் பார்த்தியா?

— போய்ப் பாக்கலை. முடியலை.

— நான் போன வாரம் போனேன். கட்டு பிரிச்சாச்சு. கோல் ஊனி நடக்கறான். நடந்தாத்தான் ஆறும்னு அவனுக்கும் சொல்லியிருக்காங்க. உன்னைத்தான் கேட்டான்.

— என்னையா?

— வாத்தி ஏன் வரலை, உடம்பு சரியில்லையான்னு. நான் என்ன பதில் சொல்ல?

— அண்ணே, அங்க ஏதோ நாய் குரைக்குது.

— ஏரிக்கரைன்னா நாய் இருக்காதா?

— அந்த நாயோட குரல் எனக்குத் தெரியும். இருங்க. போன்லயும் கேக்குது, ஜன்னல் வழியாவும் கேக்குது.

— எந்த ஜன்னல்? நம்ம பில்டிங்குக்கு இன்னும் ஜன்னலே மாட்டலையே.

— சைட்டுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் அண்ணே.

— நேத்து ஃபோர்மேனுக்குப் போன் பண்ணேன். மூணு வாரமா நீ சைட்டுக்கே வரலையாம். லீவு லெட்டர் கூடப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் கொண்டாந்து குடுத்தாங்களாம். தினமும் ஏழு மணிக்கு என்னைத் தெருத்தெருவா நடக்க வச்சுட்டு, நீ போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு சிக்னல் குடுத்திருக்க.

— உங்களை நடக்க வச்ச அந்த அரை மணி நேரம் மட்டும்தான் எனக்கும் இரைச்சல் இல்ல அண்ணே. நீங்க நல்லா நடந்தா, நான் ஒண்ணாவது சரியாச் செஞ்சேன்னு இருக்கும். அப்புறம் மறுநாள் காலையில வரைக்கும் எதுவும் இல்ல.

— இடது, வலதுன்னு சொல்ற உனக்கு, உன் வாசல் எந்தப் பக்கம்னு மறந்து போச்சு.

— அண்ணே, நிஜமா எங்க இருக்கீங்க?

— மருந்துக்கடையில ஏரிக்கரைக்குப் போகாம வலது பக்கம் திரும்பிட்டேன். உன் சிக்னலை மீறினது என் வாழ்க்கையில இதான் முதல் தடவை. வாத்தி, எனக்கு அந்த ஏணியைப் பார்த்து பயமே இல்லய்யா, ஏறினதும் கீழ நீ இருக்க மாட்டியேன்னுதான் பயம். ஷூவை மாட்டிக்கிட்டுக் கதவைத் திற, உன் வாசல்லதான் நிக்கறேன்.