மீன்கொத்தி வந்து உட்கார்ந்த கம்பு

குருவி படம் எடுப்பவனுக்கு முதல் எதிரி ஆடு. வேட்டைக்காரன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வேட்டைக்காரனாவது சத்தம் போடாமல் வருவான். ஆடு தும்மிக்கொண்டே வரும். அதன் பின்னால் மேய்ப்பவர் வருவார். அவர் சட்டைப்பையில் செல்போன் பாடிக்கொண்டு வரும். முள்ளுக்குள் குந்தியிருந்து, கால் மரத்துப்போய், இப்போது நாரை கழுத்தை நீட்டப்போகிறது என்று விரலை வைக்கும்போது மொத்தமும் எழுந்து பறந்துவிடும். அவர் பக்கத்தில் வந்து நின்று, "என்னண்ணே, ஏதும் மாட்டுச்சா?" என்பார். அவருக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். என் காலைப்பொழுதுகள் பெரும்பாலும் இப்படித்தான் கழிந்தன.

என் பெயர் சிவபாண்டி. குடியிருப்பது வில்லாபுரம். தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாக்குமூலம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கண்மாயில் செத்துப்போன சின்னத்தாய் அக்கா விஷயமாக வந்திருக்கிறேன். அவரைத் தற்கொலைக்குத் தூண்டியதாக அவர் புருஷன் வீரணனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் தூண்டவில்லை. அது தற்கொலையும் இல்லை.

நான் பிறந்தது செங்கல் சூளையில். அப்பா மண் குழைப்பார், அம்மா கல் அறுப்பார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நானும் சேறு மிதித்தேன். சூளையில் எதையும் அழகுக்காகப் பார்ப்பவர் கிடையாது. மண் பதமாக இருக்கிறதா, கல் வெந்துவிட்டதா, அவ்வளவுதான் பார்வை. ஒரு கட்சிக்காரர் பழைய கேமரா ஒன்றை ஆபீசில் விட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அதை எடுத்துப் பழகிய பிறகுதான், உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு வேலை என்று எனக்குத் தெரிந்தது. அந்த வேலையையும் சூளை வேலை மாதிரியே செய்தேன். மழை, வெயில், காய்ச்சல் பார்க்கவில்லை.

ஊரில் பறவை பார்ப்பவர்கள் குழு ஒன்று உண்டு. டாக்டர்கள், பேராசிரியர்கள், பாங்க் அதிகாரிகள். வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடுவார்கள். அதில் என் படம் ஒன்று வர வேண்டும். வேறு பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அனுப்புவேன், ஒவ்வொரு வருஷமும் திரும்பும். குழுவின் தலைவர் பாண்டியராஜன் டாக்டர் நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "சிவபாண்டி, படத்துல உழைப்பு தெரியுதுப்பா. படந்தான் தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி அந்தக் கண்மாய். நாகமலை புதுக்கோட்டைக்கு அங்கிட்டு, மலையடியில் இருக்கிறது. கோடையில் லாரிக்காரர்கள் உள்ளே மண் அள்ளி, கிணறு போல ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஏறியதும் எது பள்ளம், எது தரை என்று மேலே தெரியாது. ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்தது. அதற்குப் பிறகு வீரணன் ஒரு கருவேலங்கம்பை வெட்டி, பள்ளத்தின் ஓரத்தில் ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவைத்தார். கம்பு நிற்கிற பக்கம் போகக் கூடாது. மற்ற இடமெல்லாம் முழங்கால் தண்ணீர். ஊருக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

எனக்கு அதைச் சொன்னவரே சின்னத்தாய் அக்காதான். கொசுவலையை விரித்துச் சேற்றோடு அரித்து அயிரை மீன் பிடிப்பார்.

"தம்பி, அந்தக் கம்புக்கிட்ட மட்டும் போயிராதீக. ஆள முழுங்குற பள்ளம். எங்க வீட்டுக்காரரு ஆயுசுக்கும் செஞ்ச உருப்படியான காரியம் அந்தக் கம்ப ஊனுனது ஒண்ணுதேன்."

அந்தக் கம்பில்தான் மீன்கொத்தி உட்காரும். சின்ன ஜாதி, முதுகு நீலம், வயிறு காவி கலந்த மஞ்சள். கம்பிலிருந்து கல் விழுவது போலத் தண்ணீரில் விழுந்து, மீனோடு அதே கம்புக்குத் திரும்பும். அக்கா தண்ணீரில் இறங்கினால் போய்விடும். அதை ஒரு நாள் அவரிடம் தன்மையாகச் சொன்னேன்.

"கொஞ்சம் நேரங்கழிச்சு வரக் கூடாதாக்கா?"

"நான் வருவேன் தம்பி, அயிரை வராதே. அந்தக் குருவிக்கு வந்த யோகத்தப் பாருங்க. அது மீன் புடிச்சா வேடிக்கை பாக்க வில்லாபுரத்துலருந்து ஆளு வருது. நான் புடிச்சுட்டுப் போனா, அடுப்பப் பத்தவைக்கக்கூட வீட்டுல ஒரு நாதி இல்ல."

வாய் ஓயாது அவருக்கு. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

முதலில் எடுத்த படத்தில் கம்போடு சிவப்புத் துணியும் விழுந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்சிக் கொடிப்பா?" என்றார். மனுஷன் கை பட்ட அடையாளம் படத்தில் இருக்கக் கூடாது என்று விளக்கமும் சொன்னார். நியாயமான பேச்சு. அதற்குப் பிறகு போனதும் துணியை அவிழ்த்துவிடுவேன், கிளம்பும்போது கட்டிவிடுவேன். ஒரு நாளும் கட்டாமல் வந்ததில்லை.

அடுத்த படத்தில் துணி இல்லை. ஆனால் நான் ஒளிந்து உட்காரக்கூடிய புதருக்கு நேராக, கம்புக்குப் பின்னால் மடைச்சுவர் இருந்தது. அதில் சிமெண்ட் விளம்பரம் எழுதியிருந்தார்கள். "குருவி நல்லாத்தான் இருக்கு. சிமெண்ட்டும் நல்ல சிமெண்ட்டுதான்" என்றார் டாக்டர். அன்றைக்கும் சிரித்தார்கள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குருவியை நகர்த்த முடியாது. சுவரை நகர்த்த முடியாது. கம்பை நகர்த்தலாம். வடக்கே இரண்டு வண்டி நீளம் தள்ளி ஊன்றினால் பின்னால் வெறும் தண்ணீரும் கோரையும்தான். குருவிக்குத் தேவை கம்பு. அது எங்கே நின்றாலும் வந்து உட்காரும். ஊரில் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொன்னால் ஒருத்தர் வேண்டாம் என்பார், நாலு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் குருவி வராது.

நாளையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாய் அக்கா கண்மாய்க்கு வருவதில்லை. சனிக்கிழமை பிடித்த மீனை ஞாயிறு காலையில் விற்கப் போய்விடுவார். ஆகவே சனி சாயங்காலம் கம்பைப் பிடுங்கினேன். சேற்றில் கால் வைக்கத் தெரிந்தவன் நான். பள்ளம் எங்கே இறங்குகிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். கம்பை வடக்கே ஊன்றிவிட்டு, ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். நன்றாக நின்றது. துணியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி வீரணன் குடித்துவிட்டு வந்து, சண்டை போட்டு, மீன் சட்டியை எட்டி உதைத்துக் கொட்டிவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சண்டையைத் தெருவே கேட்டிருக்கிறது. கொட்டிய மீனுக்குப் பதில் மீன் பிடிக்கத்தான் அக்கா ஞாயிறு காலையில் வந்தார்.

நான் விடிவதற்கு முன்பே புதருக்குள் இருந்தேன். ஆடு இல்லை, டிராக்டர் இல்லை. குருவி வந்தது. புதுக் கம்பு, பழைய கம்பு என்று அதற்கு வித்தியாசம் இல்லை. உட்கார்ந்தது, விழுந்தது, வெறும் வாயோடு திரும்பியது. மறுபடி குனிந்து தண்ணீரைப் பார்த்தது. அந்த நேரத்தில் எதிர்க்கரையில் அக்கா வலையோடு இறங்கினார்.

கம்பைப் பார்த்தார். துணி இல்லாததைக் கவனித்தாரா தெரியாது. கம்புக்கு ஒதுங்கி, வழக்கம்போல நல்ல தரை என்று நினைத்த பக்கமாக நடந்தார். அதாவது தெற்கே. பள்ளம் இருந்த பக்கம்.

நான் கூப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கூப்பிட்டால் குருவி பறந்துவிடும். அது அப்போதுதான் விழுந்து, அயிரையோடு மேலே வந்து, கம்பில் உட்கார்ந்து மீனை ஒரு அடி அடித்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை. அக்கா இடுப்புவரை இறங்கியபோது, குனிந்து வலையைப் போடுகிறார் என்று நினைத்தேன்.

இல்லை, அப்படி நினைக்கவில்லை. எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். குனிந்தால் முதுகு தெரியும். இது முதுகு இல்லை. ஒரு கை மேலே வந்தது, போயிற்று. சத்தம் எதுவும் வரவில்லை. வாயில் தண்ணீர் போனால் சத்தம் வராது. எனக்கு நீச்சல் தெரியும். சூளைப் பள்ளத்தில் கற்றது. குருவி மீனை விழுங்கித் தானாகப் பறந்து போகும்வரை நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்புறம்தான் எழுந்தேன். அப்போது தண்ணீர் ஆடாமல் இருந்தது.

கம்பைப் பிடுங்கி, பழைய குழியிலேயே ஊன்றி, துணியைக் கட்டினேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம். கொசுவலை பள்ளத்தின் மேல் மிதந்தது. அதைத் தொடவில்லை. சாகப் போகிறவள் வலையோடு ஏன் போனாள் என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கம்பு நிற்கிறது, துணி பறக்கிறது, பள்ளத்தை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அதில் போய் விழுந்திருக்கிறாள், ராத்திரி சண்டை நடந்திருக்கிறது. கூட்டிப் பார்த்து நீங்கள் வீரணனைப் பிடித்தீர்கள்.

அவர்கள் மகள் கனகா எங்கள் ஆபீசுக்கே வந்தாள். "அம்மா சொல்லும், போட்டோ எடுக்குற மாமா கோர்ட்டுப் பக்கந்தேன் வேல பாக்குறாகன்னு. வேற யாரையும் எங்களுக்குத் தெரியாது மாமா" என்றாள். அப்பாவுக்கு ஜாமீன் கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் அவர் பெயரைச் சொல்லும்போது முகம் கோணியது. "அந்தாளும் நாந்தேன் கொன்னேன், நாந்தேன் கொன்னேன்னு சொவத்துல முட்டிக்கிட்டுக் கெடக்குதாம். முட்டட்டும்" என்றாள். அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். மனுவை நானே தயாரித்தேன். நல்ல மனு. கால் இடறி விழுந்திருக்கலாம் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். தள்ளுபடி ஆகிவிட்டது. என்னால் ஆனதை நான் செய்யாமல் இல்லை.

இதற்கிடையில் படத்தை அனுப்பினேன். டாக்டர் உடனே போன் செய்தார். அட்டைப் படமே இதுதான் என்றார். "பின்னால தண்ணியில ஒரு மஞ்சள் தீத்தல் விழுந்திருக்கு பாரு, குருவியோட வயித்துக் கலரே கரைஞ்சு நிக்கிற மாதிரி. இப்பத்தான்பா படம் தெரியுது." போனை வைத்தேன். என் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

போன வாரக் கூட்டத்தில்தான் கெட்டது. ஆர்த்திகா என்று ஒரு பேராசிரியை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கண்மாயில ஏது சார் இந்தக் கலர்? கம்ப்யூட்டர்ல போட்டிருக்காரு" என்றார். நான் போடவில்லை என்றேன். "அப்ப முன்னாடி, பின்னாடி எடுத்ததையும் வரிசையாக் காட்டுங்கண்ணே. நம்பிட்டுப் போறோம்." டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர், "கோர்ட்டு ஆளுல்ல, ஜோடிக்கத் தெரியும்" என்றார். அட்டையிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார்கள். நான் எதையும் ஜோடித்து வாழ்ந்தவன் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாப் படமும் இந்தக் கார்டில் வரிசையாக இருக்கிறது. போட்டுப் பாருங்கள். முதல் படத்தில் அந்த மஞ்சள் உயரமாக நிற்கும். அடுத்தடுத்த படங்களில் குறைந்துகொண்டே வரும். கடைசியில் தண்ணீர் மட்டும். அது சின்னத்தாய் அக்கா அன்றைக்குக் கட்டியிருந்த சேலை. குருவி எல்லாப் படத்திலும் துல்லியமாக இருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். கம்பை நகர்த்தியது நான்; பள்ளத்தை நோக்கி அவர் நடந்ததைப் பார்த்தது நான்; பேசாமல் இருந்ததும் நான். வீரணன் வெளியே வர வேண்டும் என்று மனசு உறுத்தியதால் வந்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்த நிறம் சேலைதான், கம்ப்யூட்டரில் போட்டதல்ல என்பதை மட்டும் தனி வரியாக எழுதி, நகல் ஒன்றைப் பாண்டியராஜன் டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள், சார். காலண்டர் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது.