தோற்ற நீதிபதிக்காக நான் முழங்கிய கதை

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் நீதிபதி வில்டா கிராஃப்ட் அம்மையார் அவர்களே! எங்கள் கவுண்டியின் மூத்த வழக்கறிஞர் பெருமக்களே! காலையில் உறுதிமொழி எடுத்து, புதுக் கோட்டின் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்காத இளம் வழக்கறிஞர்களே! முன்வரிசையில் அவர்களைப் படம் பிடித்துத் தள்ளும் தாய்மார்களே! லோவெல் டிங்கஸின் தலைதாழ்ந்த வணக்கம்!

சட்டம் தேடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஏன் என்னை அழைத்தார்கள்? நன்றாகத் தேடுகிறவன் என்பதாலா? இல்லை, இல்லை! இந்தக் கவுண்டியில் என்னைப்போல் கேவலமாகத் தேடி, கேவலமாக மாட்டிக்கொண்டவன் எவனும் இல்லை என்பதால்! அதற்குள் கைதட்டாதீர்கள் ஐயா, மானம் போகும் இடமே இனிமேல்தான் வருகிறது.

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, ஒடெஸ்ஸா ப்ரூயிட் என்றொரு அம்மையார். நடக்க முடியாதவர். டிரெய்லர் வீடுகளை வாடகைக்கு நிறுத்தும் வளாகத்தில் தம் வீட்டு வாசலில், சக்கர நாற்காலி ஏறப் பலகைச் சாய்தளம் போட்டார். "கேட்காமல் கட்டினாய், காலி செய்" என்று வளாக உரிமையாளர் வழக்குப் போட்டார். தோற்றால் அந்த அம்மாவுக்கு வீடில்லை. அவருக்கு வழக்கறிஞன் யார்? அடியேன்!

சட்டத்தைத் திறந்தேனா? திறக்கவில்லை! கணினியில் "சாய்தளம்" என்று தட்டினேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு வழக்கொன்றின் தீர்ப்பு வந்து விழுந்தது. அதில் ஒரு வரி: "வாசலைத் தாண்ட முடியாதவளுக்கு வீடும் வெறும் சுவரே!" ஆகா, புல்லரித்தது! முன்னே படித்தேனா? பின்னே படித்தேனா? கண்ணாடி முன் நின்று அந்த வரியை மட்டும் மூன்று நாள் பேசிப் பார்த்தேன்.

நீதிமன்றத்தில் முழங்கினேன். இதோ தலைமையேற்று அமர்ந்திருக்கும் அம்மையார்தான் அன்று நீதிபதி.

"ரொம்ப அழகா படிச்சீங்க, மிஸ்டர் டிங்கஸ். எத்தனாவது பக்கம்?"

"பதினாலு, யுவர் ஆனர்!"

"பதிமூணுல என்ன தலைப்பு? கொஞ்சம் சத்தமா."

புரட்டினேன். "மாறுபட்ட கருத்து... அதாவது, தோத்துப்போன நீதிபதியோட கருத்து, யுவர் ஆனர்."

"மத்த ஆறு நீதிபதிங்க என்ன சொன்னாங்க?"

"சாய்தளத்தை எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க யாரோட வக்கீல்?"

தலைவர் சிரிக்கிறார், அன்றும் இப்படித்தான் சிரித்தார்! எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "நான் பேச வேண்டியதை அவரே பேசிட்டாரு. நன்றி!" என்று அமர்ந்தார். ஒடெஸ்ஸா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நான் இனி எங்க போறது?" என்றார்.

நீதிபதி சாப்பாட்டு இடைவேளை விட்டார். சட்ட நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் நெட்டி பாக்ஸ் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டத்தைப் பார்த்தியா?"

"வழக்கைப் பார்த்தேன்."

"அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னு பார்த்தியா?"

"அதை வேற பார்க்கணுமா?"

"பால் வாங்கினா தேதி பார்ப்பியா, மாட்டியா? நல்லா வந்து சேர்ந்தே போ!"

தடித்த சட்டத் தொகுதி ஒன்றை எடுத்தார். பின்னட்டைக்குள் செருகியிருந்த திருத்தச் சிற்றேட்டை உருவினார். ஒன்பதே வரி! அந்தத் தீர்ப்பு பிடிக்காமல், எண்பத்திரண்டில் நம் சட்டமன்றமே அதை மாற்றியிருந்தது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை எந்த வளாகக்காரனும் அகற்றச் சொல்லக்கூடாது! நான் நம்பியது தோற்ற கருத்து. எதிராளி நம்பியது செத்த தீர்ப்பு. இரண்டு மேதைகளும் அந்தச் சிற்றேட்டைத் தொடவே இல்லை.

திரும்பி வந்து அந்த ஒன்பது வரியைப் படித்தேன்; நான்கே நிமிடத்தில் உரிமையாளரின் வழக்கு தள்ளுபடி. தாழ்வாரத்தில் நன்றியை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"இது எப்பலேருந்து அந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார் ஒடெஸ்ஸா.

"பதினேழு வருஷமா, மேடம்."

"நான் ஆறு மாசமா தூங்கலையே, தம்பி."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இளையோரே! நாளை உங்கள் கதவைத் தட்டுகிறவரும் தூங்காமல்தான் வருவார். அவருக்காகப் பேசுமுன் படியுங்கள், முழுதாகப் படியுங்கள், இன்னும் செல்லுமா என்று பாருங்கள்! பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், அன்று என்னைச் சிறையில் தள்ளாமல் சாப்பிட அனுப்பிய தலைவருக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்!