கேப்டனின் வேட்டி பக்கம் மாறிய இடம்

நிலாவில் சேவல் கூவாது என்பது எனக்கும் தெரியும், மேடம். ஆனால் 'மேகமலை மீட்புப் படை'யில் கூவும். கேப்டன் இடிமுழக்கம் நிலாவில் இறங்கி, கொடியை நட்டு, நெஞ்சை நிமிர்த்துகிற நேரம் பார்த்துப் பின்னால் கணீரென்று கேட்கும். படம் பிடித்தது கம்பம் ஊரில், திராட்சைப் பெட்டி அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில். இது நிலாவாக்கும், வாயை மூடு என்று பக்கத்து வீட்டுச் சேவலிடம் யார் போய்ச் சொல்வது?

உங்களுக்கு அதைப் பார்த்திருக்கும் வயதில்லை. அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வந்த பொம்மைத் தொடர். நூல் கட்டிய பொம்மைகள் ராக்கெட்டில் பறந்துபோய், ஆபத்தில் மாட்டியவர்களை மீட்கும். கேப்டனுக்குத் தலையில் ஹெல்மெட், இடுப்பில் வேட்டி. பொம்மைக்கு முழங்கால் மடங்காது, அதை மறைக்கத்தான் வேட்டி. ராக்கெட் என்பது தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டேங்க். திரும்பும்போதெல்லாம் அதன் முதுகில் மண்டையோடும் 'விஷம்' என்ற எழுத்தும் தெரியும். பாதாள ராஜா உலகத்தை அழிக்கப் பொத்தானை அமுக்குவான். பொம்மை விரலால் அது முடியாதென்பதால், அந்த இடத்தில் மட்டும் நிஜக் கையை அருகில் காட்டுவார்கள். அது தொடரை எடுத்த சண்முகராஜ் அண்ணனின் மனைவி சொர்ணலதா அக்காவின் கை. அந்த அரக்கன் விரலில் மருதாணி அழகாகச் சிவந்திருக்கும்.

அந்த மருதாணியை முதலில் கண்டுபிடித்தவன் நான். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. மறு ஒளிபரப்பில் எல்லாருக்கும் காட்டினேன். அன்றிலிருந்து எனக்கென்று ஒரு மரியாதை வந்தது. மற்றபடி படிப்பு ஏறவில்லை, கல்யாணம் அமையவில்லை, பூச்சிமருந்துக் கடை ஏதோ ஓடுகிறது. ஆனால் வருஷா வருஷம் ரசிகர்கள் உத்தமபாளையத்தில் மண்டபம் பிடித்துக் கூடும்போது, மைக் இந்த வேல்பாண்டி கைக்குத்தான் வரும். ஒவ்வொரு பிழையாக எடுத்துவிடுவேன், மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அண்ணன் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பார். அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வேட்டிதான். கேப்டன் நம்மைப் போலவே வலப்பக்கம் வேட்டியைச் செருகியிருப்பார். பாதாள ராஜாவின் குகைக்குள் நுழையும்போது வலப்பக்கம் இருக்கும், வெளியே வரும்போது இடப்பக்கம் இருக்கும். பிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிட்டார்கள். எத்தனையோ பேர் பார்த்த காட்சி. என் கண்ணுக்கு மட்டும்தான் பட்டது.

போன மாதம் அண்ணன் தோட்டத்துக்கு வரச் சொல்லி, போனைக் கையில் கொடுத்தார்.

"சென்னையில ஒரு கம்பெனிக்காரக நம்ம தொடர வாங்குறாக வேலு. கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிட்டாக. பாரேன்."

பார்த்தேன். நிலா நிசப்தமாக இருந்தது. ராக்கெட் முதுகில் மண்டையோடு இல்லை. அரக்கன் விரல் வெள்ளையாக இருந்தது. கேப்டன் வலப்பக்கச் செருகலோடு நுழைந்து, வலப்பக்கச் செருகலோடு வெளியே வந்தார். மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழைகூட மிச்சமில்லை.

"ஒண்ணுவிடாம எப்படிண்ணே கண்டுபிடிச்சாக?"

"நீ மேடையில பேசுன வீடியோவத்தான் அனுப்பிவிட்டேன். வருசக்கணக்கா என்னிய முன்னால உக்கார வச்சே சிரிச்சீகள்ல? இனி எதப் பாத்துச் சிரிப்பீக?"

கோபமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். டீ கொண்டுவந்த அக்காவும், "இனிமே ஏங் கைய யாரும் கேலி பேச மாட்டாகல்ல தம்பி," என்றார். இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. தங்களிடம் இருந்த ஒரே சொத்து எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. வெளியிடுவதற்கு அண்ணனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார்கள். அதை யாராவது தடுத்தாக வேண்டும், பொறுப்பான ஆள் வேறு யாரும் இல்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

விஷம் வைத்திருக்கலாம், கடை நிறைய இருக்கிறது. ஆனால் பூச்சிமருந்துக் கடைக்காரன் விஷம் வைப்பது கதைக்குப் பொருந்தாது, பார்க்கிற யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அண்ணன் காலையில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் குனிந்து முகம் கழுவுவார். பிடரியில் கை வைத்தேன். வயசானவர், அதிக நேரம் ஆகவில்லை. பந்தலில் திராட்சை நன்றாகப் பிடித்திருந்தது. என் கடை மருந்துதான் அடித்திருந்தார்.

அவர் உதறியதில் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட் கழன்று, வேட்டி தனியாக மிதந்தது. தவறி விழுந்தவருக்கு அப்படி ஆகாது. தொடர்ச்சி முக்கியம். அதனால் மேலே தூக்கிக் கிடத்தி, வேட்டியைக் கட்டி, பெல்ட்டை இறுக்கி, மறுபடி தண்ணீரில் இறக்கினேன். செருப்பு ஜோடியாக இருக்கிறதா, துண்டு நனையாமல் இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தேன். அண்ணன் ஒரு காட்சியைக்கூட இவ்வளவு கவனமாக எடுத்ததில்லை.

சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கவும் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன நீங்க இருந்திருந்தா காப்பாத்தியிருப்பீகளே தம்பி," என்று அழுதார். அந்தக் கையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். விரலில் மருதாணி இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அதே கையால் அவரே கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எல்லாரும் தவறி விழுந்தார் என்றே நம்பினார்கள். நேற்று நீங்கள் கடைக்கு வந்து, அண்ணன் தொட்டியில் கிடந்த போட்டோவை நீட்டினீர்கள்.

"பிழை கண்டுபிடிக்கிறதுல நீங்க கில்லாடியாமே. இதுல என்ன பிழைன்னு சொல்லுங்க பாப்போம்."

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கேட்டவர் போலீஸ் என்பதே மறந்துபோனது.

"வேட்டி எடப்பக்கம் இருக்கு மேடம். எதுத்தாப்ல இருந்து கட்டுனதுல பக்கம் மாறிப்போச்சு."

"எங்கப்பாவுக்குக் கை கால் விழுந்ததுல இருந்து நாந்தான் கட்டிவிடுறேன், எனக்கும் ஆரம்பத்துல மாறிரும்," என்றீர்கள். "சரி, இவருக்குக் கட்டிவிட்டது யாரு?"

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? சண்முகராஜ் அண்ணனைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றது நான்தான். தொடரைக் காப்பாற்றத்தான் செய்தேன். பிழை என்பது அசிங்கமில்லை, அதை அழிக்கத்தான் கூடாது. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஒரே ஒரு உதவி, மேடம். அந்த வேட்டி விஷயத்தை மட்டும் வாக்குமூலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டோவையும் கம்ப்யூட்டரில் போட்டு வலப்பக்கமாக மாற்றிவிடலாம், இப்போதெல்லாம் அது சுலபம். கொலை இருக்கட்டும். ஆனால் உத்தமபாளையத்து மண்டபத்தில் இதை யாராவது மைக்கில் சொன்னால், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.