அக்காவுக்கு வயதாகவில்லை

என் அக்காவிடம் வயதைக் கேட்டவர் யாரும் நல்ல பதில் வாங்கிக்கொண்டு போனதில்லை ஐயா. மார்பில் கட்டி என்று போனபோது டாக்டர் கேட்டதற்கே, "எனக்கா கேக்குறீங்க, கட்டிக்கா? கட்டிக்கு ஆறு மாசம்" என்றாள். அவ்வளவு வாய்.

அந்தக் கட்டியில் கடுகளவு எடுத்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பதினாறு வருடமாகச் செல் வளர்ப்பது என் வேலை. தட்டில் வளர்த்து, மருந்தை விட்டு, கேட்கிறதா என்று பார்த்து எழுதுவேன். அதை வைத்துத்தான் டாக்டர் மருந்து கொடுப்பார். சொந்தக்காரர் செல்லைத் தொடக்கூடாது என்பது விதி. தட்டில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த வாரம் வந்தது ஒன்றே ஒன்று என்பதால் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

செல்லுக்கு 'பெருகு' என்று ஒரு சமிக்ஞை வரும். சாதாரணச் செல்கள் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, போதுமடா சாமி என்று ஓய்ந்துவிடும். அக்காவுடையவை ஓயவில்லை. காலையில் பார்த்தால் இரண்டு மடங்கு. "என்னக்கா, ராத்திரி தூங்கவே இல்லையா?" என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்து கேட்பேன்.

பிறகு, அந்தச் சமிக்ஞையை வழிமறிக்கும் மருந்தை விட்டேன். நான்காம் நாள் பார்க்கிறேன், செல்கள் பெருகுவதை நிறுத்தி, அகன்று, தட்டையாகி, சோர்ந்து கிடந்தன. கிழடு தட்டிவிட்டது. முடிக்குச் சாயம் பூசாமல் வாசலுக்கு வராதவளை இந்தக் கோலத்திலா பார்ப்பது?

மருந்து அருமையாக வேலை செய்தது. அதை உங்களிடம் நான் மறைக்கவில்லை. அந்தத் தட்டைக் கழுவிக் கொட்டிவிட்டு, இன்னொரு தட்டில் மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீரை விட்டேன். செல்கள் குஷியாகப் பெருகின. 'மருந்து கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் அதைக் கொடுக்கவில்லை. ஐந்தே மாதத்தில், வீட்டில் இருந்த அக்கா போய்விட்டாள்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று அக்கா வீட்டுக்காரரை ஆய்வுக்கூட வாசலுக்கு வரவழைத்து நானேதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீயெல்லாம் ஒரு தம்பியாடா? அவ பொழைச்சிருப்பாளேடா!"

"அழாதீங்க மாமா. உள்ள வந்து பாருங்க, அக்கா ஜம்முனு இருக்கா" என்றேன். அவர் உள்ளே வரவில்லை. உங்களைக் கூட்டிவந்தார்.

செய்தது நான்தான். எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அவளுக்கு ஊட்டநீர் மாற்றவேண்டும். இன்று மாற்றவேண்டிய நாள். என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனிலேயே உட்கார வைத்தீர்களென்றால், அக்காவைப் பட்டினி போட்டுக் கொன்ற பழி உங்களைத்தான் சேரும்.