அஞ்சாவது மஞ்சக் கார்டு

ஐயோ, நகத்தால சுரண்டாதீங்கண்ணே, துணி பிஞ்சுடும். இப்பிடி மேசை மேல வைங்க, நான் பாத்துக்கறேன். பேரை மட்டும் எடுக்கணுமா, நம்பரையும் சேத்தா? ரெண்டுமா. சரி சரி, அவ்ளோ கோவம். உக்காருங்க. இஸ்திரிப் பெட்டி சூடேறட்டும். சூடு காட்டி ஒவ்வொரு எழுத்தா உரிக்கணும். அவசரப்பட்டா பாதிப் பேரு முதுகுலயே நின்னுடும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க.

டீம் வெளிய வந்து இந்தப் பதினோரு நாள்ல நீங்க முப்பத்தொம்பதாவது ஆளு. எல்லாரும் இந்தப் பதினேழாம் நம்பரைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. போன மாசம் ஜெர்சில பேரு ஒட்டித் தாங்கன்னு ஒருத்தர் ரெண்டு பேரு வந்தாங்க, இப்ப உரிச்சுத் தாங்கன்னு வர்றாங்க. ஒட்டின கையாலயே உரிச்சுக்கிட்டு கெடக்கேன்.

ஆமா, நாளைக்குத்தான். காலைல பத்து மணிக்கு கால்பந்து சங்கத்து ஆபீஸ்ல இந்தப் பதினேழாம் நம்பர்க்காரனைக் கூப்புட்டிருக்காங்க. எதுக்குடா ஜெர்சியைத் தூக்கினே, காரணம் சொல்லுன்னு கேப்பாங்க. இதுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி கேட்டாச்சு, ரெண்டு வாட்டியும் வாயைத் தொறக்கல. நாளைக்கும் தொறக்கலேன்னா அவ்ளோதான், ஆயுசுக்கும் டீம்ல எடமில்ல. இருபத்தி மூணு வயசு. காலு ரெண்டைத் தவிர அவனுக்கு வேற தொழில் தெரியாது.

திமிருங்கறீங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க. ஒடம்பைக் காட்டத் தூக்கினானாம். அவன்கிட்ட காட்ட என்ன இருக்கு, எலும்பை விட்டா? உள்ள பனியன் வேற போட்டிருந்தான். அதை யாரும் பாக்கல.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாம எப்பிடிப் போட்டியை விட்டு வெளிய போனோம்னு ஒங்களுக்குத் தெரியுமா? கார்டு வாங்கினான், தோத்துட்டோம், அவ்ளோதானா? அட, தோக்கவே இல்லண்ணே! கடைசி மேட்ச்ல ஜெயிச்சோம்! எதுக்குக் கோவப்படறோம்னே தெரியாம கோவப்படற ஆளா இருக்கீங்களே. எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான்.

கேளுங்க. ஒரு குரூப்ல நாலு டீமு. ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேரோட ஆடணும். ஜெயிச்சா மூணு பாயிண்டு, சமமாப் போனா ஆளுக்கு ஒண்ணு, தோத்தா பூஜ்யம். மேல வர்ற ரெண்டு டீமுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். நம்ம குரூப்ல செவப்பு ஜெர்சிக்காரங்க எல்லாரையும் அடிச்சுட்டு ஒம்பது பாயிண்டோட மொத எடத்துல உக்காந்துட்டாங்க. வெள்ளை ஜெர்சி எல்லார்கிட்டயும் தோத்துச்சு. மிச்சம் இருக்கற ஒரே ஒரு எடத்துக்கு நாமளும் நீல ஜெர்சியும்.

நாமளும் நீலமும் ஒண்ணுக்கு ஒண்ணு. செவப்புகிட்ட நாம பூஜ்யத்துக்கு ரெண்டுன்னு தோத்தோம். கடைசியா வெள்ளையோட ஆடி மூணுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம். ஆக நாலு பாயிண்டு. போட்ட கோலு நாலு, வாங்கின கோலு நாலு. இப்ப நீலத்தைப் பாருங்க. வெள்ளையை ரெண்டுக்குப் பூஜ்யம் அடிச்சாங்க, செவப்புகிட்ட ஒண்ணுக்கு மூணுன்னு தோத்தாங்க. அவங்களுக்கும் நாலு பாயிண்டு. கூட்டிப் பாருங்க, போட்டதும் நாலு, வாங்கினதும் நாலு. இரட்டைப் புள்ளைங்க மாதிரி.

பாயிண்டு சமமா இருந்தா கோல் வித்தியாசம் பாப்பாங்க. அதுவும் சமம். எத்தனை கோலு போட்டோம்னு பாப்பாங்க. சமம். ஒருத்தருக்கொருத்தர் ஆடினதுல யாரு ஜெயிச்சாங்கன்னு பாப்பாங்க. அதுதான் ஒண்ணுக்கு ஒண்ணாச்சே. அதுக்கப்புறம் ஒழுக்கம். அதாவது தப்பு பண்ணினா நடுவர் காட்டற கார்டு. யாரு கொறைச்சலா மஞ்சக் கார்டு வாங்கினாங்களோ அவங்க உள்ள. நீலம் நாலு வாங்கியிருந்துச்சு, நாம அஞ்சு.

அந்த அஞ்சாவதுதான் இவன் வாங்கினது.

இன்னொண்ணு சொல்லவா? வெள்ளையோட ஆடின அந்த மேட்ச்ல தொண்ணூறாவது நிமிஷம் வரைக்கும் நாம ரெண்டுக்கு ஒண்ணு. அப்பிடியே முடிஞ்சிருந்தா கோல் வித்தியாசத்துலயே வெளிய போயிருப்போம், ஒரு பய பேசியிருக்க மாட்டான். அந்த மூணாவது கோலைப் போட்டதே இவன்தான். நடுக் கோட்டுல இருந்து ஒத்தையா ஓடிப் போயி அடிச்சான். ஒரே நிமிஷத்துல கோலும் அவனே, கார்டும் அவனே. கையால குடுத்துக் கையாலயே பிடுங்கின மாதிரி ஆயிடுச்சு.

கார்டு வாங்கலேன்னா நாம உள்ள போயிருப்போம்னுதானே சொல்றீங்க? அதுவும் இல்லண்ணே. நாலுக்கு நாலு ஆயிருக்கும். கார்டும் சமம்னா சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. ஆமா, நெஜமா. அவ்ளோ பெரிய போட்டில, கோட்டு போட்டவரு ஒருத்தரு கண்ணாடிக் கிண்ணத்துல கையை விட்டு ஒரு சீட்டை எடுப்பாரு. நீலத்தோட பேரு வந்திருந்தாலும் வந்திருக்கும். அப்பிடி வந்திருந்தா விதின்னு சொல்லிட்டு எல்லாரும் தூங்கப் போயிருப்போம். இதையே நூறு வாட்டி எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். மனசு கேக்க மாட்டேங்குது.

இருங்க, சூடு வந்துருச்சு. இந்தாங்க, மொத எழுத்து வருது. பாத்தீங்களா, அடில பசை நிக்குது. தின்னர் போட்டுத் தொடைச்சா போயிடும். ஆனா எழுத்து இருந்த எடம் மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு தெரியும், சொல்லிட்டேன். நாலு தொவை தொவைச்சா சரியாயிடும்.

விளையாட்டுக்காரனுக்கு விதி தெரிய வேணாமான்னு கேக்கறீங்க. தெரியும்ணே. நல்லாத் தெரியும். ஜெர்சியைத் தூக்கித் தலைக்கு மேல போட்டா மஞ்சக் கார்டுன்னு பள்ளிக்கூடத்துல ஆடற புள்ளைக்குக் கூடத் தெரியும். மேட்ச் முடியற நேரத்துல ஒரு மஞ்சக் கார்டு வந்தா என்னாகப் போகுதுன்னு நெனைச்சிருப்பான். கார்டை எண்ணுவாங்கன்னு அன்னிக்கு அவங்க கோச்சுக்கே ஞாபகம் இல்ல.

திமிரு புடிச்சவனா இருந்தா ஜம்முன்னு ஊர் சுத்திக்கிட்டு இருப்பானே. ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. ரெண்டு வாய் சாப்புடறான், மூணாவது வாயைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கான். போனை அணைச்சு அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருக்கான்.

எனக்கு எப்பிடித் தெரியுமா? தட்டைக் கழுவறவளுக்குத் தெரியாதாண்ணே.

என் தம்பி. கூடப் பொறந்தவன். எங்க அம்மா வீட்டு வாசல்ல ஆளுங்க நின்னு கத்தறாங்கன்னு இங்க வந்து கெடக்கான். இந்த மாடிலதான்.

அட, எந்திரிக்காதீங்க. நீங்க திட்டினதுக்கு நான் கோவிச்சுக்கல. முப்பத்தெட்டு பேரு திட்டினதையும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம உரிச்சுக் குடுத்தவ நான். உக்காருங்க. ஒங்க நம்பர் இன்னும் பாதி இருக்கு.

எதுத்தாப்புல பாருங்க, பெரிய கண்ணாடிக் கடை. அது வந்து எட்டு மாசம் ஆகுது. கம்ப்யூட்டர் மெஷினு, அஞ்சு நிமிஷத்துல ஜெர்சி. அது வந்ததுல இருந்து நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். டீம் கெளம்பறதுக்கு மொத நாளு அவன் சொல்லிட்டுப் போக வந்தான். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு வெள்ளைப் பனியன்ல கடைப் பேரை நெஞ்சு பூரா ஒட்டி வெச்சிருந்தேன். கோலு போட்டா ஜெர்சியைத் தூக்கி இதைக் காட்டுடான்னேன். ஒரே ஒரு செகண்டு போதும், ஒலகமே பாக்கும், அக்கா பொழைச்சுக்குவேன்னேன்.

அவன் சிரிச்சான். கார்டு குடுப்பாங்கக்கான்னு சொன்னான். ஒரு மஞ்சக் கார்டுல என்ன குடியா முழுகிடப் போகுதுன்னு கேட்டேன்.

இந்த வாயாலதான் கேட்டேன்.

அன்னிக்கு மேட்ச்சை இந்தக் கடைலதான் பாத்தேன். தெருவே குதிக்குது, அந்தக் கடைசிக் கோலு விழுந்துருச்சு. சத்தியமாச் சொல்றேன், பந்து உள்ள போனதை நான் பாக்கவே இல்லண்ணே. அவன் கை ஜெர்சிக்குப் போகுதான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். போச்சு. தூக்கினான். அதுக்குள்ள பத்து பேரு மேல வந்து விழுந்து கட்டிப் புடிச்சுட்டாங்க. ஒரு எழுத்து கூட டிவில தெரியல. ச்சே, தெரியலையேன்னு நான் மேசைல அடிச்சேன். அவன் கார்டு வாங்கிக்கிட்டு நிக்கறான், நான் மேசைல அடிக்கறேன். என்ன ஜென்மமோ நான்.

திரும்பி வந்தவன் ஒண்ணுமே கேக்கல. கடைப் பேரை யார்கிட்டயும் சொல்லிடாதக்கா, வந்து ஒடைச்சுடுவாங்கன்னான். என்னைப் பத்தி என்ன வேணா பேசிட்டுப் போகட்டும், நான் சொல்ல மாட்டேன்னான். அவன் அப்பிடிச் சொன்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. வயித்தெரிச்சல் வரணும், அழுகை வரணும், எனக்கு அப்பாடான்னு வந்துச்சு. அதைத்தான் என்னால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அன்னிலேருந்து அந்த அப்பாடாவை வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்.

கூட்டம் மட்டும் கொறையவே இல்ல. நான் கேட்ட யாவாரம் வந்துச்சு பாருங்க, அவன் பேரை உரிக்கற யாவாரம்.

இல்லண்ணே, நானே நேர்ல போய்ச் சொல்லணும்னுதான் ரெண்டு நாளாக் கெளம்பறேன். அந்த ஆபீஸ் கேட்டு வரைக்கும் போனேன். நீ யாரும்மா, போம்மான்னுட்டான் வாட்ச்மேன். நானும் சரின்னு திரும்பிட்டேன். அவன் வெரட்டலேன்னாலும் திரும்பியிருப்பேனோ என்னமோ. காலைல எந்திரிச்சா எனக்கு தைரியம் போயிடுது. இப்ப ஒங்ககிட்ட சொல்லிட்டேன், இன்னும் ஒரு மணி நேரம் போனா எதுக்குச் சொன்னோம்னு இருக்கும்.

என்ன, போனை எடுக்கறீங்க. வீடியோவா? சொன்னதைத் திரும்ப மொதல்ல இருந்து சொல்லணுமா?

சொல்றேன். மாடில அவன் தூங்கறான், ஷட்டரைப் பாதி எறக்கிடறேன். நாளைக்குப் பத்து மணிக்குள்ள நாலு பேருக்குப் போயிடும்ல? போயிடும்ங்கறீங்க. இருங்க, கையைத் தொடைச்சுக்கறேன்.

அண்ணே, ரொம்பக் கிட்ட நிக்காதீங்க. ரெண்டு அடி பின்னால போங்க. என் மூஞ்சி மட்டும் வந்தா பத்தாது, செவுத்துல கடைப் பேரு முழுசாத் தெரியணும்.