இன்பமேரியின் இரண்டாவது வால்

மீனின் வால் இடமும் வலமுமாக அடிக்கும். ஓங்கலின், அதாவது டால்பினின், வால் மேலும் கீழுமாக அடிக்கும். மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியாது. நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் வளர்ந்தவன். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்குத் தையல்காரனாக வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, சார். பெயர் வேதமுத்து.

என் மகள் இன்பமேரிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. அவள் அம்மா இறந்த பிறகு எங்கே போவதானாலும் நான்தான் தூக்கிப்போக வேண்டும். தடுப்பணைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் மட்டும் அவளுக்கு யாரும் வேண்டாம். இடுப்பை அசைத்தே நீந்துவாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஓங்கல் ஞாபகம் வந்தது.

எழுபத்திரண்டில், அவள் இரண்டு காலையும் உள்ளே நுழைத்துக்கொள்கிற மாதிரி முதல் வாலைத் தைத்தேன். குடைத்துணி. நுனியில் திருக்கை மீனின் சிறகுபோல அகன்ற துடுப்பு, அதற்குள் பழைய சைக்கிள் டியூப். தண்ணீர் வடிய அடியில் இரண்டு ஓட்டை. இடுப்பில் ஒரு நாடா, இழுத்தால் அவிழ்ந்துவிடும். அக்கரை வரை போய்த் திரும்பி வந்தவள், "அப்பா, நான் எதையும் பிடிக்கலப்பா" என்று சிரித்தாள். நான் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாலு வருடம் அப்படியே போயிற்று. போன ஈஸ்டருக்கு அடுத்த வாரம், டிஸ்பென்சரியில் வேலை பார்க்கும் சகாயம் வீட்டுக்கு வந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன்.

"மாமா, இன்பத்தை நான் கட்டிக்கிடுதேன்."

"அவளால நடக்க முடியாதே, தெரியும்லா?"

"தெரியும் மாமா. அதான் நானும் நீந்தப் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு யோசித்தேன். ஒரு வருடம் தூக்குவான், இரண்டு வருடம் தூக்குவான், அலுத்துப்போவான். இவள் ஒரு மூலையில் கிடப்பாள். தகப்பன் என்றால் இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். அதற்கு முன் புது வால் வேண்டும் என்று கேட்டாள். தைத்தேன். மேலே பச்சை நைலான். உள்ளே, தோட்டத்தில் கொடுக்கும் கம்பளியை இரண்டு மடிப்பாக வைத்தேன். குளிருக்கு இதமாக இருக்கும் என்று சொன்னேன். கம்பளி தண்ணீரைக் குடிக்கும். ஓட்டை வைக்கவில்லை. நாடாவும் வைக்கவில்லை, அவள் போட்டுக்கொண்ட பிறகு இடுப்பைச் சுற்றி நானே ஊசிநூலால் மூடினேன். என் கைத்தையலை இதுவரை யாரும் பிரித்ததில்லை.

சனிக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு தூக்கிக்கொண்டு போனேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வழியெல்லாம் கல்யாணச் சேலையைப் பற்றிப் பேசினாள். பாதித் தூரம் நன்றாகத்தான் நீந்தினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, வால் இழுக்குதுப்பா."

"புதுத்துணி அப்படித்தான் தாயி. இன்னும் கொஞ்சம் போ."

போனாள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. எனக்கு நல்ல நீச்சல் தெரியும். கரையிலேயே நின்றேன்.

ஊரில் எல்லோரும் விபத்து என்றுதான் சொல்கிறார்கள். சகாயம் தினமும் கல்லறைக்குப் போய்வந்து, எனக்கும் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான்.

அவன் அவளைக் கைவிட்டுவிடுவான் என்று பயந்து செய்ததாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், சார். கைவிட மாட்டான், அவளைத் தூக்கிப்போக இனி நான் வேண்டியதில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் தைத்தேன்.