வராந்தாவில் எதுவும் வைக்கக் கூடாது

எங்கள் வராந்தா எப்போதும் துப்புரவாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். படியேறி வந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். பொது இடத்தில் செருப்பு ஸ்டாண்டு வைத்தாலும் எடுக்கச் சொல்லிவிடுவேன்.

மூன்றாம் மாடியில் என் வீடும் தையல்காரியின் வீடும் அடுத்தடுத்து. அவள் வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தாள். மாடியே அங்கே கூடும். அதில் எனக்கு வருத்தமில்லை. கல்லூரி விட்டு வரும் என் மகளும் என் கதவைத் தாண்டி அங்கேதான் போவாள். பேச்செல்லாம் ஜன்னல் வழியே கேட்கும்.

“அத்தை, இன்னிக்கு ஒருத்தன் வந்து பேசினான்.”

“பேசினானா, உளறினானா?”

“உளறினான்.”

“அப்ப நல்ல பையன்தான். அம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மாகிட்டயா? பொது இடத்துல காதலிக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிடுவாங்க.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னிடம் மகள் கேட்பதெல்லாம் சாப்பாடு ஆயிற்றா என்பதுதான்.

தையல்காரியிடம் பெஞ்சை எடுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தாள். அதற்குப் பிறகு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று பேசினார்கள்.

போன வாரம் துருப்பிடித்த கம்பியை மாற்ற வெல்டர் வந்தார். பாதி வேலையில் கரண்ட் போய்விட்டது.

“சும்மா ஒட்ட வச்சிருக்கேன் மேடம். யாரையும் சாய விடாதீங்க. காலையில வந்து முழுசா பத்த வச்சுடறேன்” என்றார். குறுக்கே கயிறு கட்டி, சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார். தையல்காரி அப்போது கடைக்குப் போயிருந்தாள்.

கயிற்றை அவிழ்த்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மகளுக்கு போன் செய்து, கல்லூரியிலிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். அது தற்செயல்.

சாயங்காலம் தையல்காரி வெளியே வந்து தெருவைப் பார்த்தாள்.

“நம்ம பொண்ணை இன்னும் காணோமேக்கா?”

நம்ம பொண்ணு என்றாள். எட்டிப் பார்க்கக் கம்பியில் கை ஊன்றினாள். தடுக்க எனக்கு அவகாசம் இருந்தது.

“வருவா” என்றேன்.

கீழே சிமெண்டுத் தரை.

சேதி கேட்டு மகள் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. “இனிமே நான் யார்கிட்டம்மா பேசுவேன்?” என்று அழுதாள். அதை என்னிடம்தான் கேட்டாள். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.